கொசுப்புழு ஆய்வுச் சேவை: ஐந்துக்கு நான்கு

எங்கள் நகராட்சியின் சேவைகளில் குறை சொல்ல நிறைய உண்டு என்றாலும், வீடுவீடாக வந்து கொசுப்புழு தேடும் டெங்கு ஒழிப்பு மஸ்தூர்களின் பணிக்குத் தயங்காமல் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்றும் அவர்களுக்கானதன்று; அவர்களிடம் வேலை வாங்கும் விதத்துக்கானது.

எங்கள் தெருவுக்கு வரும் பெண்மணி முதலில் ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டில்தான் டார்ச் அடிக்கிறார். பிறகு மணிபிளான்ட் வைத்த பாட்டில், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, கொட்டாங்குச்சி, மொட்டைமாடித் தொட்டி என்று ஒன்றுவிடாமல் பார்க்கிறார். வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கும் புழுக்களை அவர் டம்ளரில் அள்ளிக் காட்டிய பிறகுதான், "எங்க வீட்டுத் தண்ணி சுத்தம்" என்று சாதித்த என் மாமியார் அடங்கினார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாடுவதே தேங்கிய நல்ல தண்ணீரைத்தானே!

முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் வாரந்தோறும் வந்தாக வேண்டும். காய்ந்த தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று வாசலுக்கு வாசல் சொல்லவும் வேண்டும். தொட்டித் தண்ணீரில் புழுவைக் கொல்ல ஊற்றும் 'அபேட்' மருந்தைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் குடிநீரில் கலக்க உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்ட மருந்து அது.

கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி வந்தால் மட்டும் கைதட்டாத குறையாக வரவேற்கிறோம். அந்தப் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தொட்டிப் புழுவை ஒன்றும் செய்யாது. தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கி, 65 பேர் உயிரிழந்த 2017-க்குப் பிறகும், புழுவைத் தேடி அழிக்கும் இந்த வேலை பல ஊர்களில் ஒப்பந்தத் தினக்கூலியாகவே நடக்கிறது. எங்கள் ஊரில் வராத நாளுக்குக் கூலி இல்லை; காய்ச்சல் தெருக்களில் அலைந்து அவர்களுக்கே காய்ச்சல் கண்டாலும் இதே கணக்குதான். மழைக்காலம் முடிந்ததும் ஆட்களைக் குறைப்பதும் நடக்கிறது. இத்தனைக்கும் நடுவில், "அப்புறம் வாங்க" என்று கதவைச் சாத்துபவர்களிடம் முகம் மாறாமல் பேசவும் வேண்டியிருக்கிறது.

சேவையில் உள்ள உண்மையான ஓட்டை, பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மாடித் தொட்டிகள். அங்கே ஏற அவர்களுக்கு வழியில்லை. வெளியூர் செல்பவர்கள் மாடிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால், ஆய்வு நடந்ததைக் குறிக்கும் வாசல் அட்டையில் தேதியும் கையெழுத்தும் விடுபடாது.