பாலமீன்மடு படகுச் சவாரி: கரையணைக்கிற அழகுக்கே போகலாம்

கப்பலில் சுக்கான் பிடிக்கிறது என் வேலை. லீவில் வந்த இடத்தில் பிள்ளைகள் விடாமல் கேட்டதால் மட்டக்களப்பு வாவியில், பாலமீன்மடு வெளிச்ச வீட்டடியில் படகேறினோம். கண்டல் காடு, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் இருக்கு, 1913இல் கட்டின வெளிச்ச வீட்டைத் தண்ணியில் இருந்து பார்க்கிறதும் நல்லாத்தான் இருக்கு. ஆனால் நான் எழுத வந்தது ஓட்டியைப் பற்றி.

போன வருஷம் இதே வாவியில் வேறொரு இடத்தில் ஏறினோம். திரும்பி வரும்போது ஓட்டின பொடியன் வேகமாய் வந்து, கடைசி நேரத்தில் எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு, கைபிடியை எந்தப் பக்கம் திருப்பியும் படகு கேட்காமல் நேரே போய் இறங்குதுறைக் கட்டையில் முட்டினது; மகளுக்கு முழங்காலில் அடி. அவுட்போர்ட் எஞ்சினுக்குத் தனிச் சுக்கான் இல்லை, விசிறி தள்ளுகிற தண்ணிதான் திருப்பும். நியூட்ரல் போட்டால் அதுவும் போச்சு. பெரிய கப்பலிலும் இதே கதைதான், சுக்கானில் தண்ணி ஓடினால்தான் அது வேலை செய்யும், டெட் ஸ்லோவில், அதாவது ஆகக் குறைந்த வேகத்தில் வரும்போது சுக்கான் சக்கரத்தை முழுசாய்ச் சுற்றினாலும் சில நேரம் அணியம் (கப்பலின் முன்பக்கம்) அசையாது. அப்போது சுக்கானை ஒரு பக்கம் முழுசாய் வைத்து, எஞ்சினை முன்னுக்கு ஒரு உதை உதைத்து, கப்பல் வேகம் எடுக்க முதல் நிறுத்திவிடுவோம். கப்பல் திரும்பும், ஓடாது.

இந்த முறை ஓட்டினவருக்கு அறுபது வயசிருக்கும். கச்சான் காத்து பக்கவாட்டில் அடிக்குது, அவர் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, காத்துக்கு முகம் கொடுத்து வந்தார். முதலில் கைபிடியைத் திருப்புவார், பிறகுதான் கொஞ்சம் வேகம், உடனே நியூட்ரல். இப்படி மூன்று தரம். கடைசியில் எஞ்சினைத் துறைப் பக்கம் திருப்பி ரிவர்ஸ் போட்டார், பின்பக்கம் தானாக உள்ளுக்கு வந்தது. துறையில் கட்டியிருந்த டயரில் படகு பட்டது கூடத் தெரியவில்லை. நான் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"காத்தப் பார்க்காம வள்ளத்த மட்டும் பார்த்தா முட்டும் மனே" என்றார் மகனிடம், கயிறு கட்டிக்கொண்டே.

குறை இல்லாமல் இல்லை. கூரை கிடையாது, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள். காசை ஏற முதலே பேசிக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டில் ஈர வாடை, சின்னப் பிள்ளைக்குத் தந்ததில் ஒரு கொளுக்கி பூட்டவே இல்லை, நான் கயிறால்தான் கட்டிவிட்டேன்.