நிழலில் வளரும் வெட்டிவேர் என்று சொல்லி 4,800 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்

சமூக வலைத்தளத்தில் "நிழல் தோட்டத்துக்கு ஏற்ற வெட்டிவேர்" என்று விளம்பரம் செய்யும் ஒரு நாற்று விற்பனைப் பக்கத்திடம் 4,800 ரூபாயை இழந்த ஆத்திரத்தில் இதை எழுதுகிறேன்.

மாமரமும் உயர்ந்த மதிலும் வெயிலை மறைக்கும் கொல்லையில், நம் மண்ணுக்கே உரிய, தூர் கட்டிப் பல ஆண்டுகள் நிற்கும் ஒரு புல்லை வளர்க்க விரும்பித்தான் அவர்களிடம் விசாரித்தேன். தொலைபேசியில் பேசியவர் சிறிதும் அவசரப்படுத்தவில்லை. மதில் எந்தத் திசையில் இருக்கிறது, மண் களியா மணலா, மழைநீர் தேங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்த பிறகு, "நிழலில் இலை இன்னும் பசுமையாக இருக்கும் சார், வேர் மட்டும் கொஞ்சம் தாமதமாக இறங்கும்" என்றார். தம் பொருளின் குறையையும் அவரே எடுத்துச் சொன்னதுதான் என்னை நம்ப வைத்தது. முழுத்தொகையையும் உடனே அனுப்பினேன்.

வந்த நாற்றுகளில் பாதி, அடித்தண்டு வரை காய்ந்து சருகாகியிருந்தன. நட்டபின் தளிர்த்தவையும் மெலிந்து, பக்கவாட்டில் புதுத் தளிர் வெடிக்காமலே சாய்ந்தன. சாயாமல் என்ன செய்யும்? வெட்டிவேர் முழு வெயில் கேட்கும் பயிர். கடலூர்ப் பகுதியின் கடலோர மணலில் அதைத் திறந்தவெளியில்தான் சாகுபடி செய்கிறார்கள். நல்ல வெயிலும் மண்ணும் கிடைத்தால் முதல் ஆண்டிலேயே 3 மீட்டர் ஆழம் வரை வேர்விடக்கூடிய அந்தப் புல், நிழலில் நலிந்து போகும் என்பது நாற்று விற்பவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. இலவசம் என்று உடன் வைத்திருந்த "வெட்டிவேர் விதை"ப் பொட்டலம் அதைவிடக் கேவலம்: தென்னிந்தியாவில் பயிராகும் வகை முளைக்கும் விதை தருவதில்லை என்பதால்தான் தூரைப் பிரித்து நடுகிறார்கள்.

கேட்டபோது முதலில் தண்ணீர் அதிகம் என்றார்கள், பிறகு தண்ணீர் போதவில்லை என்றார்கள். பார்சலைப் பிரிக்கும் காணொளி இல்லாமல் பணம் திரும்பாது என்ற நிபந்தனை, 4,800 ரூபாயை வாங்கும்போது ஒருவர் வாயிலும் வரவில்லை. மேலாளர் அழைப்பார் என்றார்கள், அழைக்கவில்லை. கடைசியில், "செடி என்றால் சாகத்தான் செய்யும்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள்.

நாற்று வாங்குவோருக்கு விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. நிழலுக்கு வெட்டிவேர் என்பவரிடமும், வெட்டிவேர் விதை விற்பவரிடமும் வாங்காதீர்கள். முழுத்தொகையை முன்பே அனுப்பாதீர்கள். பார்சலைக் காணொளி எடுத்தபடியே பிரியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. என் 4,800 ரூபாய்க்கான புகாரை அங்கே பதிந்துவிட்டேன்.