திருப்பூரில் லோகோ தைக்கக் கொடுப்பவர்களுக்கு

மெல்பர்னில் நாங்கள் நடத்தும் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிக்கு லோகோ போட்ட போலோ டி-சர்ட் தேவைப்பட்டது. அங்கே கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை. எப்படியும் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறோம், திருப்பூரிலேயே முடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். அந்த நினைப்பில் வருபவர்கள் பண்டிகைக்கு நன்றாக முன்னாடியே வந்துவிடுங்கள். பொங்கல் நெருங்கினால் ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், யூனிட்டுகள் வெறிச்சோடிவிடும்.

டி-சர்ட்டுக்குக் கவலையில்லை, காதர்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கினால் போதும். வேலையெல்லாம் லோகோவில்தான். எம்பிராய்டரி யூனிட்டில் முதலில் பஞ்சிங் போடுபவர், அதாவது லோகோவை எந்திரத்துக்கான தையல் ஃபைலாக மாற்றுபவர், பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எங்கள் வெக்டர் கோப்பைப் பார்த்துவிட்டு, "அச்சுக்கு இது அருமைங்கண்ணா, தையலுக்கு ஆகாதுங்க" என்றார்.

ஊசி எங்கே தொடங்கி, எந்தத் திசையில் ஓடி, எங்கே நூலை அறுக்க வேண்டும் என்பதை அவர்தான் கணினியில் ஒவ்வொன்றாக வரைகிறார். தானாக மாற்றித்தரும் பட்டன் மென்பொருளில் உண்டு. அதை மட்டும் அழுத்தித் தருகிற இடமென்றால் எழுந்து வந்துவிடலாம். தையல் விழ விழத் துணி உள்ளே இழுபடும், வட்டம் முட்டையாகிவிடும். அதனால் இழுபடும் திசையில் கொஞ்சம் அகலம் கூட்டியே வரைகிறார்கள். எங்கள் லோகோவிலுள்ள சூரியனில் மஞ்சள் மெல்லச் சிவப்பாகும் அழகெல்லாம் நூலில் எடுபடாது என்று இரண்டே நிறமாக்கினார்.

எழுத்துகளில்தான் அதிக நேரம் போனது. நெஞ்சுப் பக்க லோகோ மூன்றரை அங்குல அகலம். அதற்குள் பெயர், ஊர், தொடங்கிய ஆண்டு, ஒரு குறள் வரி வேறு! ஆங்கிலப் பெரிய எழுத்து 5 மி.மீ. உயரத்திலும் தப்பிக்கும். நம் 'ழ', 'ளி'யின் சுழிகள் அந்த அளவில் நூலால் அடைந்துபோகும். 'தமிழ்ப் பள்ளி' என்பதிலேயே மூன்று புள்ளிகள். போலோ டி-சர்ட்டின் பிக்கே என்ற சொரசொரப்பான பின்னல் துணியின் மேடுபள்ளத்தில் சின்னப் புள்ளி புதைந்தே போகிறது. குறளையும் ஆண்டையும் எடுத்துவிட்டு, எழுத்தைத் தடிமனாக்கி, புள்ளிகளைப் பெரிதாக்கிச் சற்றுத் தள்ளி வைத்தோம். குறளை எடுத்ததில் என் மனைவிக்கு இன்னும் வருத்தம்தான்.

மாதிரியை ஏதோ சட்டைத்துணித் துண்டில் தைத்து நீட்டினார்கள், பளிச்சென்றுதான் இருந்தது. நம் டி-சர்ட்டிலேயே தைத்துக் காட்டச் சொல்லுங்கள், பின்னலாடையில் அதே ஃபைல் வேறு மாதிரி விழும். கூலி ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கணக்கு. பஞ்சிங் காசு ஒருமுறைதான். அதைக் கொடுக்கும்போதே ஃபைலும் நமக்கு வேண்டும் என்று பேசிவிடுங்கள். பிறகு கேட்டால் முகம் மாறுகிறது. எம்பிராய்டரி எந்திரம் படிக்கும் டிஎஸ்டி (DST) வகை ஃபைலில் நூலின் நிறம் பதிவாகாது, நிற எண்களைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தொப்பிக்கும் இதே ஃபைல் போதுமா என்று கேட்டேன். போதாதாம். தொப்பியின் வளைவில் நடுவிலிருந்து இருபுறமும், கீழிருந்து மேலே தைக்க வேண்டுமாம். தனி பஞ்சிங், தனிக் காசு. தொப்பியை அடுத்த பயணத்துக்குத் தள்ளிவிட்டோம்.