கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா: பி.டி.ஐ. திரவ மருந்து ஒரு மழைக்காலத்தில்

மழைக்காலம் வந்துவிட்டால் புதுச்சேரியில் மாலை ஆறு மணிக்குமேல் சன்னலைத் திறந்து வைக்க முடியாது என்பதை இவ்வூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லாஸ்பேட்டையில் உள்ள எங்கள் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கம், பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும் புகை மருந்துக்குச் செலவழித்து அலுத்துப்போய், பி.டி.ஐ. எனப்படும் ‘பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்’ பாக்டீரியாவிலிருந்து தயாரான திரவ மருந்தை இம்முறை வாங்கியது. சாக்கடைக்கும் தேங்கிய நீருக்கும் நம்பி வாங்கத்தக்க பொருள் இது என்பதே என் முடிவு. ஆயினும் விற்பவர் சொல்லும் அளவுக்கு இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

புட்டியைத் திறந்ததும் புளித்த இட்லி மாவை நினைவூட்டும் நெடி அடிக்கிறது. நொதிக்கவைத்து வளர்த்த பாக்டீரியாவின் குழம்புதான் உள்ளே இருக்கிறது என்பதால் அதில் வியப்பில்லை. இந்தப் பாக்டீரியா வித்துகளை உருவாக்கும் பருவத்தில் அவற்றுடன் புரதப் படிகங்களையும் உண்டாக்குகிறது. கொசுப்புழு நீரிலுள்ள நுண்துகள்களை வடித்துத் தின்னும்போது படிகங்களும் அதன் வயிற்றுக்குள் போகின்றன. அதன் நடுக்குடல் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் படிகம் கரைய, குடலிலுள்ள புரதச் சிதைப்பு நொதிகள் அதை நறுக்கி நச்சாக மாற்றுகின்றன. நச்சு குடற்சுவரின் செல்களில் ஒட்டித் துளைகளை உண்டாக்க, செல்கள் நீரேறி வெடிக்கின்றன. புழு தின்பதை நிறுத்திவிட்டுப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சாகிறது. நம் இரைப்பையோ அமிலம் நிறைந்தது. நச்சு பற்றிக்கொள்ள வேண்டிய இடங்களும் நம் குடலில் இல்லை. மீனையும் தேனீயையும் இம்மருந்து விட்டுவைப்பதற்கும் காரணம் இந்த வகையானதே.

மருந்து அடித்த மறுநாள் காலை பக்கவாட்டுச் சாக்கடையிலிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையில் நீர் மொண்டு பார்த்தோம். புழுக்கள் வெளிறி நீண்டு அடியில் கிடந்தன. ஆனால் காற்புள்ளி போல் வளைந்த கூட்டுப்புழுக்கள், கோப்பையின்மேல் கை நிழல் பட்டவுடன் துள்ளிக் கீழே பாய்ந்தன, ஒன்றுகூடச் சாகவில்லை. காரணம் எளிது: கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை, தின்னாததன் வயிற்றுக்குள் படிகம் எப்படிப் போகும்? கூட்டுப்புழுவாக மாறப்போகும் கடைசிப் பருவப் புழுக்களும் தீனியைக் குறைத்துவிடுவதால் அவற்றிலும் சில தப்புகின்றன. ஆகவே மருந்து அடித்த பிறகும் இரண்டு மூன்று நாள்களுக்குப் புதுக் கொசு கிளம்பத்தான் செய்யும். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை, புட்டியின் சீட்டிலும் இல்லை. விளைவு, சங்கக் கூட்டத்தில் “போலி மருந்தை வாங்கி வந்துவிட்டீர்கள்” என்று செயலாளரைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், அவர் என்ன செய்வார்.

இந்த ஆராய்ச்சி நம் ஊருக்குப் புதிதன்று. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இந்தப் பாக்டீரியா முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்டதற்கு முந்தைய ஆண்டே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் புதுச்சேரியில் தொடங்கப்பட்டுவிட்டது. அந்த மையம் பி.டி.ஐ.யின் உள்நாட்டு வகையொன்றை உருவாக்கி, அதைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை நிறுவனங்களுக்கு அளித்திருக்கிறது. எங்களுக்குத் தொல்லை தந்த கூட்டுப்புழுவுக்கும் அங்கே வழி தேடியிருக்கிறார்கள்: பேசிலஸ் சப்டிலிஸ் என்னும் வேறொரு பாக்டீரியா சுரக்கும் ‘சர்ஃபேக்டின்’ என்ற பொருள் கூட்டுப்புழுவையும் கொல்லும் என்பது அம்மையத்தின் ஆய்வில் தெரியவந்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘ஸ்பெரிகஸ்’ என்னும் பாக்டீரியாவிலிருந்து தயாரான மருந்து சாக்கடைநீரில் அதிக நாள் தாங்கும் என்று கடையில் பரிந்துரைத்தார்கள். தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அதன் நச்சு புழுவின் குடலில் ஒரே வகை ஏற்பியை, அதாவது நச்சு ஒட்டிக்கொள்ளும் இடத்தைத்தான் பிடிக்கிறது. அந்த ஓரிடம் மாறிவிட்டால் மருந்து செல்லாது. கொச்சியில் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது 1990களிலேயே பதிவாகியுள்ளது. பி.டி.ஐ. படிகத்திலோ நான்கு முக்கிய நச்சுப் புரதங்கள் சேர்ந்து தாக்குவதால் புழு அத்தனைக்கும் ஒருசேர ஈடுகொடுப்பது கடினம். எனவே நான் இதையே தேர்வேன்.

இனி குறைகள். இவ்வகை மருந்தின் வீரியத்தை ஒரு மில்லிகிராமுக்கு இத்தனை ‘பன்னாட்டு நச்சு அலகு’ என்று குறிப்பிடுவதே சரியான முறை. தரமான திரவ மருந்துகளில் அது 1200 அளவில் இருக்கும். நாங்கள் வாங்கிய புட்டியில் சதவீதக் கணக்கு மட்டுமே அச்சாகியிருந்தது, அதை வைத்து வீரியத்தை அறிய வழியில்லை. வெயில் பட்டால் படிகம் சிதையும் என்னும்போது, கடையில் இப்புட்டிகளைத் தெருவைப் பார்த்த அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். உள்ளே இருந்த பெட்டியிலிருந்து கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. நன்றாகக் குலுக்காவிட்டால் அடியில் வண்டல் தங்கித் தெளிப்பானின் நாசிலை அடைத்துக்கொள்கிறது.

நீரின் தன்மையைப் பொறுத்து அளவை மாற்றுவதும் முக்கியம். அல்லித் தொட்டி போன்ற தெளிந்த நீரில் சிறிதளவு போதும், இரண்டு வாரம் கழித்து மறுபடி இட்டால் சரி. சாக்கடையில் தின்பதற்கு வேறு கசடு ஏராளமாகக் கிடப்பதால் புழுவின் வாயில் படிகம் சிக்கும் வாய்ப்புக் குறைகிறது; அங்கே இரு மடங்கு, அதுவும் வாரந்தோறும் தேவைப்படுகிறது. பெருமழை அடித்துக்கொண்டு போனால் மறுநாளே மீண்டும் அடிக்க வேண்டும். குடிநீர்ச் சம்ப்பில் இதை ஊற்ற நான் சம்மதிக்கவில்லை. குடிநீருக்கென்றே தகுதி பெற்ற தயாரிப்புகள் வேறு; சாக்கடைக்கான திரவத்தில் வேறு என்னென்ன கலந்திருக்கின்றன என்பதைச் சீட்டு சொல்வதில்லை. சம்ப்புக்கு வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவதும் இறுக்கமான மூடியும், செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கு ஒரு முழ நைலான் வலையும் மருந்தைவிட மலிவு.

விலை, கொசுப்புழுவுக்கு வழக்கமாக இடும் டெமிபாஸ் என்ற இரசாயன மருந்தைவிடக் கூடுதல்தான். இருந்தும் அடுத்த பருவத்துக்கு இதையே வாங்கலாம் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறேன், நச்சு அலகு அச்சிட்ட புட்டியாகவும், தயாரிப்பு மாதம் பழையதல்லாததாகவும் இருந்தால்.