என்விம்-எச்எஸ் 2.3: தமிழ் உரையோடு புழங்குபவருக்கு ஹாஸ்கெல் பிளகின் சரிவருமா?

நியோவிம் என்ற உரை எடிட்டரில் ஒரு வரியின் தொடக்கத்தில் 'கோலாலம்பூர்' என்று தட்டி, கர்சரை 'பூ' மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள். கர்சர் எங்கே இருக்கிறது என்று பிளகின் (எடிட்டரோடு சேரும் துணை நிரல்) வழியாகக் கேட்டால் எடிட்டர் 21 என்கிறது. நம் கண்ணுக்கு அது ஐந்தாவது எழுத்து. ஹாஸ்கெல் நிரல்மொழியின் சரத்தில் எட்டாவது குறியெண் (யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்). இந்த மூன்று கணக்கும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளும் கருவிதான் தமிழ் உரைக்கு பிளகின் எழுத ஏற்றது. என்விம்-எச்எஸ் அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் நிறுவும் செலவு குறைவல்ல, அதனால் எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்க முடியாது.

என்விம்-எச்எஸ் என்பது நியோவிம்முக்கான பிளகின்களை ஹாஸ்கெல்லில் எழுத உதவும் லைப்ரரி. ஹாஸ்கெல் லைப்ரரிகளின் கிடங்கான ஹேக்கேஜில் கிடைக்கிறது, அப்பாச்சி 2.0 உரிமம். பிளகின் தனி நிரலாக ஓடும். எடிட்டரோடு மெசேஜ்பேக் என்ற பைட் வடிவில் பேசும். எடிட்டர் தரும் கட்டளைகளின் பட்டியலை கம்பைல் ஆகும்போதே வாங்கி, ஒவ்வொன்றுக்கும் வகை குறித்த ஹாஸ்கெல் ஃபங்ஷனை, கம்பைல் நேரத்தில் நிரலை எழுதித் தரும் டெம்ப்ளேட் ஹாஸ்கெல் தானே உண்டாக்கிவிடும். கையால் எழுதிய மேலுறை எதுவும் இல்லை. கம்பைல் செய்யும் கணினியில் நியோவிம் இல்லாவிட்டால், லைப்ரரியோடு வரும் பட்டியல் கோப்பை எடுத்துக்கொள்ளும்.

முதலில் நிறுவலைப் பார்ப்போம், பலர் கைவிடுவது இங்கேதான். ஜிஎச்சி என்ற ஹாஸ்கெல் கம்பைலரும், திட்டத்தைக் கட்டும் கருவியான ஸ்டாக் அல்லது கபாலும் வேண்டும். கம்பைலரே ஒரு ஜிபியைத் தாண்டிவிடும், அதன்மேல் சார்பு லைப்ரரிகள். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். முதல் கம்பைலுக்கு ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரும் நேரம் போதாது. லோ யாட் பிளாசாவில் வாங்கிய பழைய மடிக்கணினியில் நினைவகம் குறைவாக இருந்தால், டெம்ப்ளேட் ஹாஸ்கெல் கட்டத்தில் கணினி திணறும். அப்போது ஸ்டாக்குக்கு 'ஜே1' விருப்பம் கொடுத்து ஒரு நேரத்தில் ஒரு பேக்கேஜ் மட்டும் கம்பைல் ஆகும்படி செய்யுங்கள். நேரம் கூடும், ஆனால் பாதியில் நிற்காது.

அடுத்தது என்விம்-எச்எஸ்.விம் என்ற சின்னத் துணை பிளகின். அதை வழக்கமான பிளகின் மேலாளரில் சேர்த்துவிட்டால், உங்கள் ஹாஸ்கெல் திட்டத்தை கம்பைல் செய்து ஓட்டுவதை அது பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர் ஸ்டாக் வார்ப்புருவை எடுத்துக்கொள்வது நல்லது. அதில் கோப்புகள் சரியான அமைப்பில் இருக்கும், இங்கே அமைப்பு முக்கியம். பிளகினை அறிவிக்கும் மாட்யூலும் ஃபங்ஷன்கள் இருக்கும் மாட்யூலும் வேறுவேறாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தால், டெம்ப்ளேட் ஹாஸ்கெல்லின் படிநிலைக் கட்டுப்பாட்டில் மாட்டி, புதியவருக்குப் புரியாத பிழைச் செய்தி வரும். பெயரிலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஹாஸ்கெல்லில் சிறிய எழுத்தில் தொடங்கும் ஃபங்ஷன், நியோவிம் பக்கம் பெரிய எழுத்தில் தொடங்கும். பயனர் ஃபங்ஷன்களுக்கு எடிட்டர் விதித்திருக்கும் விதி அது. சிறிய எழுத்தில் அழைத்துவிட்டு 'ஃபங்ஷனைக் காணோம்' என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்த லைப்ரரி வளர்ந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் இன்றைய வடிவம் ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். ஆரம்ப காலத்தில் நியோவிம்மின் அமைப்புக் கோப்புறையில் ஒரே ஒரு ஹாஸ்கெல் கோப்பு இருந்தது. அது மாறும்போதெல்லாம் டைர் என்ற லைப்ரரி அதை மறுபடி கம்பைல் செய்து ஓட்டும். எக்ஸ்மோனாட் என்ற சாளர மேலாளரைப் பழகியவர்களுக்குத் தெரிந்த முறைதான். எல்லா பிளகின்களும் அந்த ஒரே நிரலுக்குள் இருந்தன. ஒரு பிளகினுக்கு ஏதோவொரு லைப்ரரியின் பழைய பதிப்பு, இன்னொன்றுக்கு அதன் புதிய பதிப்பு தேவைப்பட்டால் இரண்டும் சேர்ந்து கம்பைல் ஆகாது, ஒன்றும் ஓடாது. இப்போது ஒவ்வொரு பிளகினும் தனித் திட்டம், தனி நிரல். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். பார்வைக்குப் பின்னடைவு போலத் தெரியலாம், ஆனால் பராமரிப்பவருக்கு இதுதான் நிம்மதி.

இன்னொரு பெரிய மாற்றம், பிளகின் ஃபங்ஷன்கள் ஓடும் மோனாட் என்ற ஹாஸ்கெல் வகையில். பழைய வகையில் இரண்டு தனி இடங்கள் இருந்தன: படிக்க மட்டுமான சூழலுக்கு ஒன்று, மாறும் நிலைக்கு ஒன்று. இப்போது இருப்பது சூழல் மட்டும். மாறக்கூடிய எதையும் டிவார் அல்லது எம்வாரில் (இணையாக ஓடும் இழைகள் பகிரும் பெட்டிகள்) வைத்து, அதைச் சூழலுக்குள் போட வேண்டும். பல இழைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, பழைய முறையில் ஒவ்வொரு இழையும் தன் நிலையின் நகலோடு போய்விடும், யார் செய்த மாற்றம் நிலைத்தது என்று சொல்ல முடியாது. பழைய பிளகினை மாற்றி எழுதுபவர் செய்ய வேண்டியது இதுதான்: நிலையின் ஒவ்வொரு புலத்தையும் ஒரு டிவார் ஆக்குங்கள், 'கெட்' வரும் இடத்தில் 'ஆஸ்க்ஸ்' போட்டு டிவாரைப் படியுங்கள், 'மாடிஃபை' வரும் இடத்தில் மேற்கோள் குறியில் முடியும் கண்டிப்பான 'மாடிஃபை டிவார்' போடுங்கள். அந்த மேற்கோள் குறியை விட்டுவிட்டால், முடிக்காத கணக்குகள் நினைவகத்தில் குவிந்துகொண்டே போகும். நாள் முழுக்க எடிட்டரைத் திறந்தே வைத்திருப்பவர் மாலையில் அதை உணர்வார்.

இனி தமிழ் உரைக்கு வருவோம். எடிட்டர் தரும் கர்சர் எண் பைட்டில் இருக்கிறது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட். 'பிரிக்பீல்ட்ஸ்' நம் கணக்கில் 7 எழுத்து, 14 குறியெண், 42 பைட். 'கோலாலம்பூர்' 6 எழுத்து, 11 குறியெண், 33 பைட். 'பூ' முன்னால் இருக்கும் 'கோலாலம்' 7 குறியெண், அதாவது 21 பைட். எடிட்டர் சொன்ன 21 அதுதான். இதைத் தெரியாமல் ஹாஸ்கெல் சரத்தில் 'டேக் 21' (முதல் 21-ஐ எடு) என்று போட்டால், சொல்லையே தாண்டி அடுத்த சொல்லுக்குள் போய்விடும். ஆங்கில உரையில் சோதித்தால் இந்தப் பிழை ஒருபோதும் கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே மூன்று கணக்கும் ஒன்றே.

லைப்ரரி இந்த இடத்தில் நல்ல வழி தருகிறது. எடிட்டர் கட்டளைகளை மூன்று வடிவில் இறக்கிக்கொள்ளலாம்: சரம், டெக்ஸ்ட், பைட்ஸ்ட்ரிங். கர்சர் இடத்தை வைத்து வெட்டும் வேலைக்கு பைட்ஸ்ட்ரிங் வடிவத்தை எடுங்கள். முதலில் 21-இல் பிரித்து, பிறகு டெக்ஸ்ட் ஆக்கி எண்ணுங்கள். டெக்ஸ்ட் ஆக்கும்போது, தவறான பைட் வந்தால் விதிவிலக்கு எறியும் வடிவத்தைத் தவிர்த்து, பிழையையும் மதிப்பாகவே 'ஈதர்' வகையில் தரும் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். பைட்ஸ்ட்ரிங்கும் டெக்ஸ்ட்டும் வேறுவேறு வகை என்பதால், ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் கம்பைலரே தடுத்துவிடும். தமிழுக்கு ஹாஸ்கெல் ஏன் என்று கேட்பவருக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

எழுத்தை எண்ணுவது இன்னும் நுட்பமான வேலை. டெக்ஸ்ட் லைப்ரரியின் 'லெங்த்' குறியெண்ணைத்தான் எண்ணும். 'கோ'வின் துணைக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்து எழுதினால் அதே 'கோலாலம்பூர்' 12 குறியெண், 36 பைட் ஆகிவிடும். அதனால் தேடலுக்கும் ஒப்பீட்டுக்கும் முன் யூனிகோட் சீர்வடிவாக்கம் செய்துவிடுங்கள். எழுத்து எல்லைக்கு டெக்ஸ்ட்-ஐசியூ லைப்ரரி போதும், ஆனால் அது சி, சி++ மொழிகளில் எழுதிய ஐசியூ லைப்ரரியை நம்பியிருக்கிறது. அதன் மேம்பாட்டுப் பேக்கேஜ் கணினியில் இல்லாவிட்டால் கம்பைல் பாதியில் நிற்கும். அப்படியும் 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் அது இரண்டிரண்டாகத்தான் எண்ணும். தமிழ்ப்பள்ளிப் பயிற்சித்தாளுக்கோ வசன வரிகளுக்கோ எண்ணுபவர் இவற்றுக்குத் தனி விதி எழுதியே ஆக வேண்டும்.

தமிழ்ச் சொற்பட்டியலைக் கோப்பிலிருந்து படிக்கும் பிளகின் ஒரு கணினியில் ஓடி, இன்னொன்றில் 'தவறான பைட் வரிசை' என்று விழுந்தால், குறை கோப்பில் இல்லை. மொழிச்சூழல் மாறி (மொழியையும் குறியாக்கத்தையும் நிரல்களுக்குச் சொல்லும் அமைப்பு) காலியாக இருக்கிறது என்று பொருள். டாக்கர் கொள்கலனிலும், திரையிலுள்ள ஐகானை அழுத்தி எடிட்டரைத் திறக்கும்போதும் இது நேரும். பிளகினின் தொடக்கத்தில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று அமைத்துவிடுங்கள், அல்லது கோப்பை பைட்ஸ்ட்ரிங்காகப் படியுங்கள்.

பிழை தேட, வரியை அச்சிடும் 'புட்ஸ்டர்' போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். பிளகின் எடிட்டரோடு பேசுவதே வழக்கமான வெளியீடு வழியாகத்தான். நடுவில் ஒரு வரி அச்சானால் மெசேஜ்பேக் ஓடை கெட்டு, பிளகின் மௌனமாகிவிடும், காரணமும் தெரியாது. லைப்ரரியிலேயே பதிவுக் கோப்பு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஏற்றுமதி செய்யும்போது 'சிங்க்' அல்லது 'அசிங்க்' என்று சொல்ல வேண்டும். 'சிங்க்' என்றால் பதில் வரும்வரை எடிட்டர் காத்திருக்கும், அதுவரை விசை எதுவும் எடுபடாது. கோப்பைச் சேமிக்கும்போது எழுத்தெண்ணும் வேலைக்கு 'அசிங்க்' போதும். பயனர் பதிலுக்காகக் காத்திருக்கும் இடத்தில் மட்டும் 'சிங்க்' வையுங்கள்.

நியோவிம்மை மேம்படுத்திய பிறகு, ஆவணத்தில் இருக்கும் புதிய கட்டளை ஹாஸ்கெல்லில் இல்லை என்று கம்பைலர் சொன்னால் குழம்ப வேண்டாம். கட்டளைப் பட்டியல் லைப்ரரி கம்பைல் ஆன நாளில் எடுத்தது. ஸ்டாக்கும் கபாலும் அந்தக் கம்பைலைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்தும்; எடிட்டர் மாறியது அவற்றுக்குத் தெரியாது. லைப்ரரியை மட்டும் மறுபடி கம்பைல் செய்ய வைக்க வேண்டும். அவசரமென்றால் லுவா மொழியில் எழுதிய வரியை ஓட்டும் கட்டளை வழியாகப் புதியதை அழைத்துவிடலாம், ஆனால் அங்கே வகைப் பாதுகாப்பு கிடையாது. எதிர்ப்பக்கமும் உண்டு: புதிய நியோவிம்மில் கம்பைல் செய்த பிளகினைப் பழைய நியோவிம் இருக்கும் கணினியில் ஓட்டினால், இல்லாத கட்டளையை அழைக்கும் கணத்தில்தான் பிழை தெரியும்.

லுவா எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது; கம்பைல் வேண்டாம், தனி நிரல் வேண்டாம். இருபது முப்பது வரியில் முடியும் விசைக்குறுக்கு, நிறமாற்றம் போன்றவற்றுக்கு லுவாவே சரி. அதற்காக ஜிஎச்சியை இறக்குவது வீண். சொற்பிரிப்பு, சந்திச் சோதனை, எழுத்தெண்ணல் என்று விதிகள் அடுக்கடுக்காகச் சேரும் பிளகினுக்கு என்விம்-எச்எஸ் தரும் உறுதி பெரிது. மற்றவருக்குக் கொடுக்கும்போது, அவர்களும் ஜிஎச்சி நிறுவ வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தமிழ் தட்டும் மென்பொருளான முரசு அஞ்சல் 1985-இல் பிறந்த ஊரில் தமிழ் தட்டுபவர் நிறைய, ஆனால் எல்லாரும் கம்பைலர் வைத்திருப்பதில்லை.

சோதனை வசதிதான் இந்த லைப்ரரியின் சிறந்த பகுதி, பலர் அதைத் தொடுவதே இல்லை. திரையில்லாத உண்மையான நியோவிம் ஒன்றைத் தொடங்கி, அதற்குள் உங்கள் ஃபங்ஷனை ஓட்டும் உதவி ஃபங்ஷன் சோதனை மாட்யூலில் இருக்கிறது. கால வரம்பை வினாடியில் கொடுக்க வேண்டும். நியோவிம் பாதைமாறியில் (கணினி நிரல்களைத் தேடும் கோப்புறைப் பட்டியல்) இருக்க வேண்டும். முதல் சோதனையாக ஒரே வரியை வையுங்கள்: 'கோலாலம்பூர்', கர்சர் 21-இல், விடை 5. இரண்டாவது சோதனையில் 'கோ'வைப் பிரித்த வடிவில் எழுதி கர்சரை 24-இல் வையுங்கள். அப்போதும் விடை 5 வர வேண்டும்.