டிசையரின் பீஜ் உள்புறத்துக்குக் கரும்சாம்பல் அடித்தேன்: மூன்று வருடம் கழித்து

எங்கள் வண்டி 2009 மாடல் ஸ்விஃப்ட் டிசையர், டீசல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே ஏறினால்தான் மனசு கெடும். பீஜ் என்கிற வெளிர் மணல் நிறம் ஷோரூம் வெளிச்சத்துக்கு அழகு. திருப்பூர்ப் புழுதிக்கும் பின்சீட்டில் முறுக்கு தின்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் தாங்குமா? கதவில் கை படுகிற இடமெல்லாம் பழைய டீக்கடை பெஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. தேய்த்துக் கழுவியும் போகவில்லை. 2022இல் நானே இறங்கினேன். பிளாஸ்டிக்குக்குக் கரும்சாம்பல் மேட் பெயின்ட், பின்சீட் ரெக்சினுக்கு வினைல் ஸ்ப்ரே, முன்சீட் துணிக்குச் சாயம் என்று திட்டம். மூன்றும் மூன்று விதமாக முடிந்தன.

முதலில் சாயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் பெரிய அவமானம். ஊரே சாயத் தொழிலில் இருக்கிறது, நானும் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கடையில் கிடைத்த பருத்திச் சாயப் பொடியை வெந்நீரில் கரைத்து, ஸ்பாஞ்சால் சீட்டில் தேய்த்தேன். காய்ந்ததும் ஷேடு பிரமாதமாக இருந்தது. அடுத்த வாரம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டியில் தாராபுரம் வரை ஓட்டிப்போனேன். மண்டபத்து வாசலில் இறங்கியதும் மச்சான் பின்னால் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சாம்பல்.

திங்கட்கிழமை எங்கள் டையிங் மாஸ்டரிடம் சொன்னேன். "ஏனுங்க, அது பாலியஸ்டர் துணிங்க. அதுக்கு டிஸ்பர்ஸ் சாயம் போட்டு, மெஷினை மூடி, பிரஷர்ல 130 டிகிரி கொண்டுபோவோணும். நீங்க சீட்டைக் குக்கர்ல போட்டு அவிச்சீங்களா?" என்றார். விஷயம் அவ்வளவுதான். பருத்தி நூலைப் பிடிக்கிற சாயம் பாலியஸ்டர் நூலுக்குள் இறங்காது. மேலே தூளாக உட்கார்ந்திருக்கும். வியர்வை பட்டால் வேட்டிக்கு மாறிவிடும். கார் சீட் துணி பெரும்பாலும் பாலியஸ்டர்தான். நாலு முறை சோப்புத் தண்ணீர் விட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, கடைசியில் சீட் கவர் கடையில் உறை தைத்துப் போட்டேன். துணி சீட்டுக்குச் சாயம் போட நினைக்கிறவர்கள் அந்தக் காசை முதலிலேயே கவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் கதை வேறு. பாகங்களைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் எந்தப் பிளாஸ்டிக் என்று அச்சில் குறி இருக்கும். என் வண்டியில் டேஷ்போர்டு, கதவுப் பலகை, பில்லர் மூடி (கூரையைத் தாங்கும் தூண்களின் உள்பக்க உறை) எல்லாம் பிபி, அதாவது பாலிபுரோப்பிலின். இது பெயின்ட்டைச் சுலபத்தில் ஒட்டவிடாத ஜாதி. நேரடியாக அடித்தால் நகத்தால் சுரண்டும்போதே தோலாக உரியும். பம்பரும் பெரும்பாலும் இதே வகைதான் என்பதால் பெயின்டிங் பட்டறைக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். பிளாஸ்டிக் பிரைமர் என்று கேட்டால் ஒட்டுவதற்கான திரவத்தை எடுத்துக் கொடுப்பார்கள். அதை மெல்லிசாக ஒரு கோட், அதன்மேல் நிறம் நாலு கோட். ஒவ்வொன்றும் பனி படிந்த மாதிரி இருந்தால் போதும், ஒரே அடியில் மூட நினைக்கக் கூடாது.

அடிப்பதைவிடக் கழுவுவதுதான் வேலை. முந்தைய ஓனர் டேஷ்போர்டில் வருடக்கணக்காகப் பளபள பாலிஷ் பூசியிருக்கிறார். அதில் சிலிக்கோன் உண்டு. சிலிக்கோன் மிச்சம் இருக்கும் இடத்தில் பெயின்ட் சின்னச் சின்ன வட்டமாக விலகி ஓடும். முதல் பில்லர் மூடியில் அப்படித்தான் அம்மைத் தழும்பு மாதிரி வந்தது. பிறகு பாத்திரம் கழுவும் திரவம், அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அப்புறம் பச்சை ஸ்க்ரப்பர், மறுபடி ஆல்கஹால் என்று ஒரு பாகத்துக்கு அரை மணி நேரம் ஆனது. கழற்றும்போது ஏழு கிளிப் உடைந்தது, அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு முட்டாள்தனம், நான் தேர்ந்தெடுத்த மாதம். ஆடிக் காற்றில் மொட்டைமாடியில் பெயின்ட் அடிக்கிறவன் என்னைத் தவிர யார் இருப்பார்கள்? பக்கத்து நிட்டிங் யூனிட்டிலிருந்து பறந்து வந்த பஞ்சு இழை ஒன்று குளோவ் பாக்ஸ் மூடியின் ஈரத்தில் விழுந்தது. எடுக்கப் போனால் விரல் ரேகையும் சேர்ந்து பதியும் என்று விட்டுவிட்டேன். இன்றும் வெயில் சாய்ந்து விழும்போது அந்த இழை சின்ன வளைவாகத் தெரிகிறது. பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் தட்டிவிடப் பார்ப்பார்கள்.

சரி, மூன்று வருடம் கழித்து நிலைமை என்ன? கை படாத இடங்கள் புதுசு மாதிரியே நிற்கின்றன. டேஷ்போர்டு மேல்பகுதி, பில்லர் மூடிகள், பின்பக்க ஸ்பீக்கர் தட்டு எதிலும் உரிதலோ வெளுப்போ இல்லை. எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் கிடைத்தது. முன்பு பீஜ் டேஷ்போர்டின் நிழல் முன் கண்ணாடியில் விழுந்து மதிய வெயிலில் கண் கூசும். கறுத்த மேட் ஆனபின் அது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பளபளப்பான பெயின்ட் அடித்திருந்தால் இது கிடைத்திருக்காது. நஷ்டமும் உண்டு: வெயிலில் நிறுத்தி எடுத்தால் டேஷ்போர்டில் கை வைக்க முடியாது, முன்பைவிடச் சூடு. சன் ஷேடு வைக்காமல் இப்போது நிறுத்துவதில்லை.

கை படுகிற இடங்களில் பாடம் வேறு. டிரைவர் கதவின் இழுபிடி ஒரே வருடத்தில் ஓரம் தேய்ந்து உள்ளே பீஜ் எட்டிப் பார்த்தது. கதவின் கீழ்ப்பகுதியில் செருப்பு உரசிய கோடுகள். கியர் பக்கத்து டப்பாவில் சானிடைசர் பாட்டில் கசிந்த வட்டம் மட்டும் பிசுபிசுத்து நிறமே கிளம்பி வந்துவிட்டது. நாங்கள் எந்த ஆல்கஹாலால் கழுவினோமோ அந்த இனம்தானே அதுவும்.

பின்சீட் ரெக்சின் பாதிப் பாதி. வினைல் டை என்று விற்றாலும் அது சாயமே இல்லை, வளைந்து கொடுக்கும் மெல்லிய பெயின்ட்தான். தட்டையான முதுகுப் பகுதி நன்றாக இருக்கிறது. உட்காரும் ஓரத்தில், தையல் மடிப்பில், நான் அவசரப்பட்டுத் தடிமனாக அடித்த இரண்டு சாண் நீளத்துக்கு மட்டும் காய்ந்த குளம் மாதிரி வெடிப்பு. பழைய ரெக்சினே அங்கே கொஞ்சம் விறைத்துத்தான் இருந்தது. அதை மாற்றிவிட்டு அடித்திருக்க வேண்டும்.

சீட் பெல்ட்டுக்கு எதுவும் பூசவில்லை, நீங்களும் பூசாதீர்கள். சாயமும் ப்ளீச்சும் அந்த நாடாவின் பலத்தைக் குறைக்கக்கூடும். மிதமான சோப்புத் தண்ணீர் போதும். என் வண்டியில் ஏர்பேக் கிடையாது. இருக்கிற வண்டியில் அதன் மூடிமேல் பெயின்ட் அடிக்கிற யோசனையே வேண்டாம், அது கிழிந்து திறக்க வேண்டிய இடம்.

மொத்தச் செலவு எனக்கு நாலாயிரத்துச் சொச்சம், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு வேட்டி. மிச்சப் பெயின்ட் கால் டப்பா ஷெல்ஃபில் இருக்கிறது. இழுபிடியை அதை வைத்துத்தான் பொங்கலுக்குப் பொங்கல் சரிசெய்கிறேன். பின்சீட் ஓரத்தை வருகிற தை மாதம் கடையில் கொடுத்துப் புது ரெக்சின் தைக்கச் சொல்லியிருக்கிறேன். நிறம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சாம்பல் என்றேன். வீட்டில் மட்டும், "பீஜே இருந்திருக்கலாம்" என்கிறாள்.