இடப்பக்கம் 20, வலப்பக்கம் 32

நுவரெலியாவில் இருந்துகொண்டு படுக்கையைக் குளிராக்க ஓர் இயந்திரம் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர். வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை மாதத்து விடியலில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து கருகத் தொடங்கும். இந்த ஊரில் குளிரை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

ஐம்பத்திரண்டு வயதுப் பெண் வாங்குவாள். இரவு இரண்டரை மணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு வெக்கை கிளம்பும். கழுத்து, முகம், உச்சந்தலை என்று ஏறும். போர்வையை உதறி எறிவேன். ஐந்து நிமிடத்தில் வியர்வை ஆறிப் பற்கள் தந்தியடிக்கும். எறிந்ததை இருட்டில் தேடுவேன். மாதவிடாய் நிற்கும் காலத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கோ நேர்மாறான கரைச்சல். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியின் சூட்டில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்; சீனி வருத்தமும் (நீரிழிவு) உண்டு. அவருடைய கால்கள் இரண்டும் ஐஸ்கட்டி. காலுறை, இரண்டு கம்பளி, அதற்கு மேல் நான் எறியும் போர்வையும் அவர் மேல்தான் விழும். அவருக்கு அது இலாபக் கணக்கு.

தம்பி இலண்டனில் இருக்கிறான். "அக்கா, ஒரே கட்டிலில் இரண்டு பேருக்கும் இரண்டு வெப்பநிலை வைக்கலாம். மச்சானுக்கும் உதவும்" என்று தொலைபேசியில் சொன்னபோது விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுகிறான் என்றே நினைத்தேன். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் அவனைக் காக்க வைத்து, இருக்கிற வகைகளைப் படித்துப் பார்த்தேன். பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறவளுக்கு அந்த அளவு சந்தேகமாவது இருக்க வேண்டாமா?

பெரிதாகப் பார்த்தால் இரண்டு வழிகள். ஒன்று தண்ணீர். மெத்தைக்கு மேல் விரிக்கும் மெல்லிய விரிப்பில் குழாய்கள் ஓடும். கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டி தண்ணீரைச் சூடாக்கியோ குளிராக்கியோ அதற்குள் சுற்ற விடும். சில்லிபேட், எயிட் ஸ்லீப் எல்லாம் இந்த வகை. மற்றது காற்று. பெட்ஜெட் என்பது போர்வைக்கும் விரிப்புக்கும் நடுவே குழாய் வழியாகக் காற்றை ஊதும். சூடு வேண்டுமென்றால் காற்றைச் சூடாக்கி ஊதும்; குளிர் வேண்டுமென்றால் அறையில் இருக்கிற காற்றையே ஊதும். அதைக் குளிராக்கும் பொறி அதற்குள் இல்லை. படத்தைக் காட்டியதும் எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார்: "இது நம்முடைய வாட்டுத் தொட்டிதானே." உண்மைதான். தொழிற்சாலையில் கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து விசிறியால் காற்று ஊதுவார்கள். மழை நாளில் சுடுகாற்று. ஈரம் போகும். மனிதரை வாட்டுவதற்கும் அதே முறை.

இப்போது யோசித்தால், தனியாகப் படுப்பவர் மலைநாட்டில் வாங்குவதற்கு அந்த வாட்டுத் தொட்டிதான் பொருத்தம் என்று படுகிறது. வெளியே 14 பாகையில் காற்று சும்மா கிடக்கிறது. அதைக் குளிராக்க இன்னொரு பொறி எதற்கு? ஆனால் நாங்கள் இரண்டு பேர். நடுவில் போர்வையைப் பங்குபோட ஊதினால் சண்டைதான் மிஞ்சும் என்று தண்ணீர் வகையை எடுத்தோம். தம்பி விலையைச் சொல்லவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை நான் பார்த்துவிட்டேன்: 649 பவுண். இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு கிழமை அவனோடு சரியாகப் பேசவில்லை.

வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைப்பவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. அமெரிக்காவில் விற்கப்படுபவை 120 வோல்ட்டுக்குச் செய்தவையாக இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230. பெட்டியின் அடியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் செருகினால் புகையைத்தான் பார்ப்பீர்கள். இங்கிலாந்தில் வாங்கியதால் எங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. வோல்ட்டும் ஒன்று, 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கும் ஒன்று.

பெட்டிக்குள் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று கையேடு சொன்னது. வீட்டுக்காரருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீரை விடவா சுத்தமான தண்ணீர் உண்டு என்று கேட்டார். குடிக்க நல்ல தண்ணீர் வேறு, குழாய்க்குள் மாதக்கணக்கில் சுற்ற வேண்டிய தண்ணீர் வேறு. கனிப்பொருள் படியும், பாசி பிடிக்கும். பெட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி வரச் சொன்னேன். வாங்கும்போது போத்தலைப் படித்துப் பாருங்கள். அதே தட்டில் பெட்டரி அமிலமும் வைத்திருப்பார்கள்.

உள்ளே நடப்பது பெல்டியர் விளைவு. இரண்டு வேறுபட்ட கடத்திகள் சேரும் இடத்தில் மின்னோட்டம் பாயும்போது ஒரு பக்கம் குளிரும், மறு பக்கம் சுடும். 1834இல் பிரான்சின் ஜான் பெல்டியர் கண்டது. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் குளிர்ப்பக்கமும் சூட்டுப்பக்கமும் இடம் மாறும். அதனால்தான் ஒரே பெட்டி இரண்டு வேலையும் செய்கிறது. குளிராக்கும்போது கழித்த சூட்டை விசிறி அறைக்குள்ளேயே தள்ளும். இங்கே அது நமக்கு இனாம்.

முதல் இரவு பழைய பாடக்குறிப்புப் புத்தகத்தையும் ஒரு வெப்பமானியையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். அறை 13 பாகை. என் பக்கத்தை 20இல் வைத்தேன். பெட்டியில் எரிந்தது சூடாக்கும் அடையாளம்! காசு கொடுத்து வாங்கிய குளிராக்கி எனக்குச் சூடு போட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் 13இல் இருக்கும்போது 20க்குக் கொண்டுவர வேறென்ன செய்யும், பாவம். தம்பியை எழுப்பித் திட்டலாமா என்று பார்த்தேன். படுத்து அரை மணி நேரம் போனதும் அடையாளம் மாறியது. தூங்கும் உடம்பு 70 வாட் அளவு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. மெத்தையின் பஞ்சு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டரை மணிக்கு வட்டியோடு திருப்பித் தருகிறது. அந்தச் சேமிப்பைத்தான் இந்தத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போகிறது.

வெக்கை வருவது நிற்கவில்லை. எந்த விரிப்பும் அதை நிறுத்தாது. நிறுத்தும் என்று விளம்பரத்தில் படித்தால் நம்பாதீர்கள். வந்தபோது போர்வையை எறியத் தேவையில்லாமல் போனது, அவ்வளவுதான். முதுகுப்பக்கம் குளிர்ச்சியாக இருக்க, மேலே போர்வை இருந்தபடியே வெக்கை வந்து போகிறது. பின்னால் வரும் நடுக்கம் இல்லை. முன்பு இரவுக்கு நான்கு முறை எழுந்தவள், குறிப்புப் புத்தகத்தின்படி பெரும்பாலான இரவுகளில் ஒரு முறை எழுந்திருக்கிறேன். இந்த ஒன்றுக்காகவே தம்பியோடு மறுபடி பேசத் தொடங்கினேன்.

ஆசை யாரை விட்டது? ஜூன் மாதம், தென்மேற்குப் பருவ மழை, துணி நான்கு நாளாகியும் காயாத கிழமை ஒன்றில் 14க்கு இறக்கினேன். நடுஇரவில் கைபட்ட இடமெல்லாம் ஈரம். குழாய் ஓட்டை என்று நினைத்து இருவரும் எழுந்து, மெத்தையைப் புரட்டி, டோர்ச் அடித்துத் தேடினோம். ஓட்டை எதுவும் இல்லை. அறை 16 பாகை, காற்றில் ஈரப்பதன் 90 வீதம் என்றால் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 14. குளிர்ந்த போத்தலின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் போல என் விரிப்பு வியர்த்திருக்கிறது. வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போடும் பாடம். என் கட்டிலுக்கு வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

பள்ளி விடுமுறையில் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் போட்டுப் பார்த்தோம். அறை 29 பாகை. 16 என்று வைத்தால் 21க்குக் கீழே இறங்கவில்லை. கழித்த சூடு அறையை இன்னும் வேகவைத்தது. விரிப்பு முழுக்க ஈரம். ஏசி போடாத அறையில் கொழும்புக்காரர்கள் இதற்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஏசி போட்ட அறையில் இது எதற்கு என்பதையும் அவர்களே யோசிக்கட்டும்.

இனி வலப்பக்கம். சீனி வருத்தத்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுதண்ணீர்ப் பையும் மின்சாரப் போர்வையும் ஆபத்து. சுட்டுப் புண்ணானாலும் தெரியாது. கிளினிக்கில் கேட்டுக்கொண்டு 32இல் வைத்தேன், என் மணிக்கட்டை அரை மணி நேரம் வைத்துப் பார்த்த பின்பு. அது கொதிப்பும் இல்லை, குளிரும் இல்லை. ஒருவர் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்வதைப் போல. பத்து நிமிடத்தில் குறட்டை. கால் சூடானால் தூக்கம் சீக்கிரம் வரும் என்பதை 1999இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். கை கால்களின் இரத்தக்குழாய்கள் விரிந்து உள்ளுடம்பின் சூடு வெளியேறும்போது கண் சொக்குகிறது. எங்கள் அம்மாயி இதை எந்த இதழிலும் படிக்கவில்லை. கொழுந்து பறிக்க மலைக்குப் போர்த்திப் போகும் கம்பளிதான் இரவில் எங்கள் ஐந்து பேருக்கும் போர்வை. நனைந்த நாட்களில் அடுப்புக்கு மேல் கயிற்றில் கிடந்து, புகையும் ஈர ஆட்டுமயிரும் கலந்த வாசனையோடு இறங்கும். முதலில் எல்லோருடைய கால்களையும் அதற்குள் சுருட்டுவாள். மேலே மூடுவது அப்புறம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், லயத்துக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும்.

ஆனால் விடியும்வரை 32 போட்டால் அவருக்கு வியர்த்துவிடுகிறது. நள்ளிரவுக்குப் பின் 28க்கு இறங்கும்படி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் இந்தச் சூடாக்கலுக்கு இன்னொரு பயன் கிடைத்தது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு பக்கமும் 40இல் போட்டு, போர்வையால் மூடி வைத்தால், படுக்கை விரிப்பில் கிடக்கும் அந்தச் சளசளப்பு போய்விடுகிறது. நுவரெலியாவில் வாழ்பவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். விசிறியின் சத்தம் மழை நாளில் தகரத்துக்கு மேல் விழும் மழையில் மறைந்துவிடும். தை மாதத்து நிசப்தத்தில் பக்கத்து அறைவரை கேட்கிறது. பெட்டியின் நீல விளக்குக்கு மருந்துப் பிளாஸ்டர் ஒட்டினேன். கைத்தொலைபேசிச் செயலி மூடுபனிக் காலத்தில் பாதி நாள் ஓடவில்லை, பொத்தானைத்தான் அழுத்துகிறேன். எட்டாவது மாதம் குழாய் பொருந்தும் இடத்தில் இருந்த ரப்பர் வளையம் தளர்ந்து, இந்த முறை உண்மையாகவே ஒழுகியது. செய்த கொம்பனிக்கு எழுதினேன். இலங்கைக்கு உத்தரவாதம் செல்லாது என்று மிகவும் மரியாதையாக இரண்டு வரியில் பதில் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் தண்ணீர்ப் பம்பின் வளையம் ஒன்றை நறுக்கிப் போட்டார். இன்றுவரை ஒழுகவில்லை. நிரந்தரம் என்று நான் எண்ணவில்லை.

மின்சாரம்: குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டு மீற்றரைப் பார்த்தேன். இரவு பத்திலிருந்து காலை ஐந்துவரை, இரண்டு பக்கமும் சேர்த்து, ஒரு யூனிட்டும் கொஞ்சமும். மாதத்துக்கு 35 யூனிட் அளவில் வரும். தனியாகப் பார்த்தால் சிறிது. நம் நாட்டில் யூனிட் ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறுவதால், குறைவாகப் பாவிக்கும் வீட்டின் பில்லை இது மேல் படிக்குத் தூக்கிவிடும்.

அப்படியென்றால் யார் வாங்கலாம்? ஒரு கட்டிலில் எதிரெதிர் உடம்புகள் இரண்டு இருந்து, வெளிநாட்டில் தாராளமான தம்பி ஒருவனும் இருந்தால். வெறும் குளிருக்காக என்றால் வேண்டாம்; கால் உணர்ச்சி நன்றாக இருப்பவர்களுக்குச் சுடுதண்ணீர்ப் பை போதும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், பையின் வயதையும் பாருங்கள். பிரித்தானியத் தரத்தில் செய்த பைகளில் கழுத்துப் பக்கம் பூ ஒன்று அச்சாகியிருக்கும். நடுவில் செய்த வருடம், சுற்றிலும் பன்னிரண்டு இதழ்களும் பன்னிரண்டு மாதம். இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் பழையது என்றால் தூக்கிப் போட வேண்டும். எங்கள் வீட்டில் இருந்ததைப் பார்த்தேன்: நடுவில் 09.

அடுத்த மாதம் தம்பி வருகிறான். ரப்பர் வளையம் நான்கும், பூவில் இந்த வருடம் அச்சான பை ஒன்றும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பை எனக்கில்லை, அவனுக்கு. விருந்தாளி அறையில் இயந்திரம் கிடையாது.